சட்டைப்பைக்குள் ஒரு விளக்கு

திருப்பூர் இரயில் நிலையத்தில் இறங்கியவர்கள் காதர்பேட்டைக்கு நடந்தே போய்விடலாம். இரு பக்கமும் பனியன் கடைகள். கடைகளுக்குப் பின்னால் சந்துகள். சந்துகளில் கூரையைத் தொடும்படி அடுக்கிய பண்டல்கள். ஏற்றுமதியில் மீந்துபோன சரக்கும், சிறு குறையினால் கழிக்கப்பட்ட சரக்கும் இங்கே லாட் கணக்கில் கைமாறுகின்றன. அங்கே ஒரு பிற்பகல் நான் கண்டதைச் சொல்லி இக்கட்டுரையைத் தொடங்குகிறேன்.

மின்சாரம் நின்றிருந்தது. வெளியூர் வியாபாரி ஒருவர் கடையின் உள்ளறையில் சிவப்பு டி-சர்ட் லாட் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைப்பையன் சட்டைப்பையிலிருந்து விரல் நீளமுள்ள டார்ச் ஒன்றை எடுத்து அடித்தான். கண் கூசும் வெள்ளை ஒளி. பத்துப் பதினைந்து உருப்படிகளைப் புரட்டிப் பார்த்த வியாபாரி, எல்லாம் ஒரே ஷேடுதான் என்று விலை பேசி முடித்தார். பண்டலை வாசலுக்குக் கொண்டுவந்து வெயிலில் பிரித்தபோது இரண்டு சிவப்புகள் தெரிந்தன. ஒன்று பழுத்த மிளகாயின் சிவப்பு. மற்றது சற்றே மங்கிய, செங்கல்லை நோக்கிச் சாய்ந்த சிவப்பு. "உள்ளே ஒண்ணாத்தானுங்கண்ணா தெரிஞ்சுது" என்றான் பையன். அவன் சொன்னதில் பொய்யில்லை. பொய் சொன்னது அவன் கையிலிருந்த விளக்கு.

அந்த டார்ச் வந்த அட்டைப்பெட்டியும் அங்கேயே கிடந்தது. அதில் '10,000 லூமென்' என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தது. ஆக, அந்த விளக்கு ஒன்றுக்கு இரண்டாகப் பொய் சொல்லியிருக்கிறது. அன்றாடம் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள ஒரு சிறு டார்ச் வாங்க நினைக்கும் நீங்கள் எதைப் பார்த்து வாங்க வேண்டும்? அந்தச் சிறு கருவி சட்டைப்பைக்குள் வந்து சேர்ந்த கதையைத் தெரிந்துகொண்டால் விடை தானாகவே கிடைக்கும். கதைக்கு வயது நூற்றிருபத்தைந்துக்கு மேல்.

தீ இல்லாத ஒளி

பஞ்சும் நூலும் துணியும் புழங்கும் இடத்தில் இருட்டைவிடப் பெரிய பகை தீ. 2023 ஜூன் மாதத்தில் காதர்பேட்டைப் பனியன் பஜாரில் பற்றிய தீயில் ஏறத்தாழ 50 கடைகள் எரிந்துபோனதை இவ்வூர் மறக்கவில்லை. இத்தகைய இடத்தில் அரிக்கேன் விளக்கையோ மெழுகுவத்தியையோ தூக்கிக்கொண்டு பண்டலுக்குள் நுழைவது எத்தகைய காரியம் என்று எண்ணிப் பாருங்கள். நிலக்கரிச் சுரங்கத்தாருக்கும் இதே தொல்லை இருந்தது. அவர்களுக்காக 1815இல் ஹம்ப்ரி டேவி சுடரைச் சுற்றிக் கம்பிவலை அமைத்த விளக்கைச் செய்தார். வலை வெப்பத்தைப் பரவச் செய்து, வெளியிலுள்ள வாயு பற்றாமல் காத்தது. ஆயினும் உள்ளே இருந்தது சுடர்தான். சுடரே இல்லாமல், கையில் தூக்கிச் செல்லத்தக்க ஒளி வேண்டுமானால் அதற்கு மின்சாரத்தைத்தான் நாட வேண்டும். மின்சாரத்தையும் கையிலேயே தூக்கிச் செல்ல வேண்டும். கைவிளக்கின் வரலாற்றில் பாதிக்குமேல் மின்கலத்தின் வரலாறாக அமைந்துவிட்டதற்குக் காரணம் இதுவே.

1866இல் பிரெஞ்சுக்காரரான ஜார்ஜ் லெக்லாஞ்சே ஒரு மின்கலத்தை அமைத்தார். நீங்கள் ஆய்வுக்கூடத்தில் பார்த்திருப்பீர்கள்: கண்ணாடிச் சாடியில் நவச்சாரக் கரைசல், அதில் துத்தநாகக் கோல், நுண்துளைப் பாண்டத்தில் மாங்கனீஸ் டை ஆக்ஸைடு சூழ்ந்த கரிக்கோல். தந்தி நிலையங்களுக்கும் அழைப்பு மணிகளுக்கும் அது நன்றாக உழைத்தது. ஆனால் சாய்த்தால் கொட்டிவிடும். சட்டைப்பையில் வைத்தால் என்னாகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

1886இல் ஜெர்மானியரான கார்ல் காஸ்னர் இதற்கு ஒரு வழி கண்டார். கரைசலோடு பாரிஸ் சாந்தைக் குழைத்துப் பசையாக்கினார். துத்தநாகத்தைக் கோலாக வைக்காமல் அதையே பாத்திரமாக்கி, பசையை அதனுள் இட்டு, நடுவே கரிக்கோலைச் செருகி, மேலே மூடிவிட்டார். உலர் மின்கலம் என்று நாம் சொல்லுவது இதைத்தான். உண்மையில் அது உலர்ந்தது அன்று. உள்ளே ஈரம் இல்லையேல் அயனிகள் நகரமாட்டா. கொட்டாத ஈரம் என்பதே பொருத்தமான பெயராக இருக்கும். சாய்த்தாலும் கவிழ்த்தாலும் வேலை செய்யும் இந்தச் சிறு பாத்திரமே கைவிளக்கின் தாய் என்பேன். இதற்கு 12 ஆண்டுகளுக்குப் பிறகுதான் விளக்கு வந்தது.

1899 ஜனவரி 10ஆம் நாள், அமெரிக்காவில் வாழ்ந்த டேவிட் மிசெல் என்னும் ஆங்கிலேயருக்கு ஒரு காப்புரிமை வழங்கப்பட்டது. காகிதக் குழாய் ஒன்று. அதற்குள் ஒன்றன்பின் ஒன்றாக மின்கலங்கள். முனையில் ஒரு சிறு பல்பு. அதன் பின்னே மெருகேறாத பித்தளைப் பிரதிபலிப்பான். இன்று நீங்கள் வாங்கும் டார்ச்சின் உருவமும் அதுவே. காப்புரிமை, ருஷ்யப் பேரரசிலிருந்து குடியேறிய கான்ராட் ஹியூபர்ட் நடத்திய நிறுவனத்தின் கைக்கு வந்தது. ஹியூபர்ட் வியாபாரம் தெரிந்தவர். சில விளக்குகளை நியூயார்க் போலீஸ்காரர்களுக்கு இலவசமாகக் கொடுத்தார். இரவு ரோந்தில் அவற்றைப் பயன்படுத்திய போலீஸ்காரர்கள் புகழ்ந்து எழுதித் தர, அந்தப் புகழுரைகளையே விளம்பரமாக்கிக்கொண்டார். பின்னாளில் உலகெங்கும் பரவிய எவரெடி என்னும் பெயர் அந்த நிறுவனத்திலிருந்து வந்ததே.

அமெரிக்கர் இதை 'பளிச்சிடும் விளக்கு' என்றே இன்றும் அழைக்கிறார்கள். அந்தப் பெயருக்குள் ஒரு குறை ஒளிந்திருக்கிறது. அன்றைய பல்பில் இருந்தது கரி இழை. அது மின்சாரத்தை வாரி விழுங்கியது. மின்கலமோ தொடர்ந்து மின்னோட்டம் தரும் வலிமையற்றது. மின்னோட்டம் பாயும்போது கரிக்கோலைச் சுற்றி விளைபொருள்கள் சேர்ந்துகொண்டு தடை செய்யும். மாங்கனீஸ் டை ஆக்ஸைடு அவற்றை அகற்றச் சற்று அவகாசம் வேண்டும். ஆகவே ஒரு கணம் அடித்து, அணைத்து, ஓய்வு கொடுத்து, மீண்டும் அடிக்க வேண்டியிருந்தது. ஆங்கிலேயரோ தீப்பந்தத்துக்கு வழங்கிய 'டார்ச்' என்னும் சொல்லையே இதற்கும் வைத்தார்கள். நம்மை ஆண்டவர்கள் அவர்கள். ஆகவே நமக்கும் டார்ச். கொங்கு நாட்டுப் பெரியவர்கள் இன்றும் 'பேட்டரி லைட்டு' என்பார்கள். மின்கலம் அவர்களுக்குக் 'கட்டை'. இரண்டு கட்டை லைட்டு, மூன்று கட்டை லைட்டு என்று கட்டையை எண்ணி விளக்கின் தகுதியைச் சொல்லும் வழக்கு எனக்கு மிகவும் பிடித்தது. ஆற்றல் எங்கே இருக்கிறது என்பதை அந்தப் பேச்சு சரியாகப் பிடித்திருக்கிறது.

டங்ஸ்டன் இழை 1904இல் வந்தது. 1910இல் வில்லியம் கூலிட்ஜ் அதை முறியாமல் மெல்லிய கம்பியாக இழுக்கும் வழியைக் கண்டார். கரி இழையைவிடச் சிக்கனமான இந்த இழையினால் டார்ச் விட்டுவிட்டு எரியாமல் நின்று எரியலாயிற்று. பென்சில் கட்டை என்றும் பென் டார்ச் செல் என்றும் நாம் சொல்லும் ஏ.ஏ. மின்கலம் 1907இலேயே அமெரிக்காவில் பிறந்துவிட்டது. விளக்கு சட்டைப்பைக்குள் நுழைய வழி பிறந்தது அப்போதுதான்.

வெயிலில் காய்ந்த கட்டைகள்

என் தாத்தாவின் மூன்று கட்டை லைட்டு மங்கத் தொடங்கினால் அவர் கட்டைகளை வெளியே எடுத்து, முற்றத்தில் மிளகாயோடு மிளகாயாக வெயிலில் வைப்பார். மாலையில் போட்டால் விளக்கு மீண்டும் எரியும். உங்கள் வீட்டிலும் செய்திருப்பார்கள். சூரியன் கட்டையில் மின்சாரத்தை நிரப்பியதா? இல்லை. வெப்பத்தினால் பசைக்குள் அயனிகளின் நகர்வு விரைவுபடுகிறது, கரிக்கோலைச் சுற்றித் தேங்கிய பொருள்கள் பரவி விலகுகின்றன, அகத்தடை குறைகிறது. அதோடு நாள் முழுதும் ஓய்வும் கிடைத்துவிட்டது. மிச்சமிருந்த வேதி ஆற்றலைத் துழாவி எடுக்கிறோமேயன்றிப் புதிதாக ஒன்றும் சேர்ப்பதில்லை. இதற்கு ஒரு விலையும் உண்டு. துத்தநாகப் பாத்திரமே கரைந்துதானே மின்சாரம் தருகிறது? கடைசித் துளிவரை கறந்தால் பாத்திரம் பொத்துப்போய், பசை கசிந்து, வெண்பொடி பூத்துவிடும். தாத்தாவின் விளக்கு இறுதியில் அப்படித்தான் போயிற்று. கட்டை குழாயோடு ஒட்டிக்கொண்டு, உலக்கையால் இடித்தும் வெளியே வரவில்லை.

நம் நாட்டுக்கு டார்ச்சும் கட்டையும் முதலில் கப்பலில்தான் வந்தன. 1939இல் எவரெடியின் மின்கல ஆலை கல்கத்தாவில் தொடங்கியது. தொடக்கத்தில் இறக்குமதியான உறுப்புகளை இணைக்கும் வேலைதான். பிறகு சென்னையில் திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலும் அந்நிறுவனத்தின் ஆலை இயங்கியது. 1958இல் லக்னோவில் டார்ச் தொழிற்சாலை எழுந்தது. அலகாபாத்தில் உருவான ஜீப் விளக்குகளும், 1972இல் தொடங்கிய இந்தோ நேஷனல் நிறுவனம் நெல்லூரில் ஆலை அமைத்துச் செய்த நிப்போ கட்டைகளும் நம் கிராமங்களுக்குள் வந்தன. வயலுக்கு இரவில் தண்ணீர் பாய்ச்சப் போகிறவருக்குப் பாம்பைக் காட்டியது இந்தப் பித்தளைக் குழாய்தான்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் கடந்துபோக எனக்கு மனமில்லை. எவரெடி இந்தியாவில் 1959 முதல் யூனியன் கார்பைடு இந்தியா என்னும் பெயரில் இயங்கியது. 1984 டிசம்பர் 2-3 நள்ளிரவில் போபாலில் மீதைல் ஐசோசயனேட் நச்சுவாயு கசிந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டார்களே, அந்தப் பூச்சிமருந்து ஆலையும் அதே நிறுவனத்துக்குரியது. வீட்டு மாடத்தில் இருந்த சிவப்புக் கட்டையையும் அந்த ஆலையையும் ஒரே பெயர் பிணைத்திருந்ததை அன்று எத்தனை வீடுகள் அறிந்திருக்கும்? 1994இல் அமெரிக்கத் தாய் நிறுவனம் தன் பங்குகளை விற்றுவிட்டு வெளியேறியது. 1995இல் பெயர் எவரெடி இண்டஸ்ட்ரீஸ் இந்தியா என்றாயிற்று.

எவ்வளவு ஒளி போதும்?

1939 செப்டம்பரில் போர் தொடங்கியபோது பிரிட்டன் முழுவதும் இரவில் விளக்கணைப்பு. தெருவிளக்கு இல்லை, சன்னல்களில் கறுப்புத்திரை. மக்கள் சிறு டார்ச்சுகளை நம்பியே நடமாடினார்கள். அதற்கும் ஒரு விதி: டார்ச்சின் முகத்தை இரண்டு மடிப்பு மெல்லிய காகிதத்தால் மூட வேண்டும். சட்டைப்பை டார்ச்சுக்குரிய எட்டாம் எண் மின்கலம் கடைகளிலிருந்து மறைந்தே போயிற்று. நாஜிகள் பிடித்த ஹாலந்தில் மின்கலமே கிடைக்காமல், பிலிப்ஸ் நிறுவனம் கையால் அழுத்தி அழுத்தி ஓட்டும் டைனமோ டார்ச்சைச் செய்து தந்தது. அந்த ஆண்டுகளில் கோடிக்கணக்கான மக்கள் காகிதம் மூடிய மங்கல் ஒளியில் வீடு திரும்பினார்கள் என்பதை, 10,000 லூமென் பெட்டியைக் கையில் எடுக்கும்போதெல்லாம் நான் நினைத்துக்கொள்கிறேன்.

காரணம் நம் கண். ஒளியளவு இரண்டு மடங்கானால் கண்ணுக்கு இரண்டு மடங்காகத் தோன்றாது. தோற்றப் பிரகாசம் ஏறக்குறைய ஒளியளவின் கனமூலத்தைப் பின்பற்றுகிறது என்று ஸ்டீவன்ஸ் என்னும் உளவியலார் காட்டினார். அதாவது இரு மடங்கு பிரகாசமாகத் தோன்ற எட்டு மடங்கு ஒளி வேண்டும். மின்கலமோ எட்டில் ஒரு பங்கு நேரத்தில் தீர்ந்துவிடும். மேலும், இருளுக்குப் பழகக் கண்ணுக்கு இருபது முப்பது நிமிடம் ஆகிறது; பெருவெளிச்சம் அதை ஒரு நொடியில் கெடுத்துவிடும்.

இனி ஒரு சிறு கணக்கு. தாத்தாவின் காலத்து இரண்டு கட்டை டார்ச்சின் பல்பு 2.5 வோல்ட், 0.3 ஆம்பியர், அதாவது 0.75 வாட். இத்தகைய சிறு பல்பு ஒரு வாட்டுக்குப் பத்து லூமெனுக்கும் குறைவாகவே தரும். ஆகவே ஆறேழு லூமென். இரண்டு பெரிய கட்டைகளில் இருந்து ஏறத்தாழ 12 வாட்-மணி ஆற்றல் கிடைத்ததாகக் கொண்டால், மொத்தம் 100 லூமென்-மணி ஒளி. ஏறக்குறைய கால் கிலோ எடையைத் தூக்கிக்கொண்டு நாம் சுமந்த ஒளி அவ்வளவுதான்.

இன்றைய எல்.இ.டி. ஒரு வாட்டுக்கு 80 முதல் 100 லூமென் வரை எளிதில் தருகிறது. 23 கிராம் எடையுள்ள ஒரேயொரு ஆல்கலைன் ஏ.ஏ. கட்டையில் சுமார் 3 வாட்-மணி ஆற்றல் உண்டு. ஆகவே 240 லூமென்-மணி! இதை 240 லூமெனாக ஒரு மணி நேரத்திலும் செலவழிக்கலாம். 10 லூமெனாக ஓர் இரவு பகல் முழுதும் செலவழிக்கலாம். இரண்டு பெரிய கட்டை செய்த வேலையை ஒரு சிறு கட்டை இரண்டு மடங்காகச் செய்துவிடுகிறது.

இக்கணக்கைக் கடைப்பையனின் டார்ச்சுக்குப் போட்டுப் பாருங்கள். 10,000 லூமென் வேண்டுமானால் குறைந்தது 100 வாட் வேண்டும். கையளவு டார்ச்சில் வைக்கும் நல்ல லித்தியம் கட்டை ஒன்றின் ஆற்றல் சுமார் 11 வாட்-மணி. ஆறரை நிமிடத்தில் தீர்ந்துவிடும். அந்த ஆறரை நிமிடமும் ஏறக்குறைய 60 வாட் வெப்பம் அந்த விரலளவுக் குழாயில் இறங்கும். ரேடியோ பழுது பார்ப்பவர் ஈயம் உருக்கும் பற்றுக்கோல் வெறும் 25 வாட்தான். பையனின் கை வேகவில்லை. ஆகவே பெட்டியில் எழுதியது பொய். இதை நிறுவ ஆய்வுக்கூடம் தேவையில்லை, பெருக்கல் வாய்பாடு போதும்.

குறைக்கடத்தி தந்த வெளிச்சம்

எல்.இ.டி. ஒரே நாளில் வந்ததன்று. 1907இலேயே ஹென்றி ரவுண்டு என்னும் ஆங்கிலப் பொறியியலார் கார்போரண்டம் படிகத்தில் மின்சாரம் செலுத்தி மங்கலான ஒளியைக் கண்டார். 1920களில் ருஷ்யாவில் ஓலெக் லோசெவ் அதை விரிவாக ஆராய்ந்தார். 1962இல் நிக் ஹோலோன்யாக் கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்.இ.டி.யைச் செய்தார். கால்குலேட்டரில் சிவப்பு எண்கள் மின்னின. டார்ச்சுக்கு அது உதவவில்லை. அந்நாளில் சட்டைப்பை டார்ச்சின் பெருமை டங்ஸ்டனிடமே இருந்தது. அமெரிக்காவில் 1979இல் மாக்லைட்டும், 1984இல் இரண்டு ஏ.ஏ. கட்டைகளில் எரியும் மினி மாக்லைட்டும் அலுமினியக் குழாயில் வந்து பெயர் பெற்றன.

வெள்ளை ஒளிக்கு நீல எல்.இ.டி. தேவைப்பட்டது. காலியம் நைட்ரைடு படிகத்தோடு அகாசாகி, அமானோ, நாகமுரா ஆகிய மூவர் பல ஆண்டுகள் மல்லாடினார்கள். 1990களின் தொடக்கத்தில் பிரகாசமான நீல ஒளி கிட்டியது. 2014இல் நோபல் பரிசு. நீலச் சில்லின் மேல் மஞ்சள் ஒளிர்பொருளைப் பூசினார்கள். நீலத்தில் ஒரு பகுதி மஞ்சளாக மாற, மிச்ச நீலமும் மஞ்சளும் கலந்து கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிந்தது. 1991இல் சோனி விற்பனைக்குக் கொண்டுவந்த லித்தியம் அயனி மின்கலம் இதற்குத் துணை சேர்ந்தது. நம் காரைக்குடியில், அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் 1948இல் கால்கோளிட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமும் மின்கல ஆராய்ச்சியில் ஈடுபட்டுள்ள நிலையங்களில் ஒன்று.

2008 நவம்பரில் தொடங்கி 2012இல் உச்சத்தை எட்டிய மின்வெட்டுக் காலத்தில்தான் எல்.இ.டி. டார்ச் நம் ஊர்களில் வீட்டுக்கு வீடு நுழைந்தது. நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேலும் மின்சாரம் இல்லாத நாட்கள் அவை. நான் மெழுகுவத்தியிலும் இந்த டார்ச்சுகளிலும் மாறி மாறிப் படித்தேன். அன்று மலிவாகக் கிடைத்தவற்றில் பல, 4 வோல்ட் ஈய-அமில மின்கலம் கொண்டவை. சில மாதங்களில் செத்துப்போயின. ஈய-அமில மின்கலத்தை முழுதும் தீர்த்து அப்படியே போட்டுவைத்தால் தட்டுகளில் ஈய சல்பேட் இறுகிவிடும். பிறகு மின்னேற்றம் பிடிக்காது. மின்சாரமே இல்லாத ஊரில் அதை எப்போதும் ஏற்றிவைக்க முடியுமா, என்ன?

இரண்டு சிவப்புகள் ஒன்றான கதை

இப்போது காதர்பேட்டை வியாபாரியிடம் திரும்புவோம். நீலமும் மஞ்சளும் கலந்த அந்த வெள்ளையை நிறமாலையாகப் பிரித்துப் பார்த்தால், அடர் சிவப்புப் பகுதியில் ஒளி மிகவும் குறைந்திருக்கும். இரண்டு சாயங்கள் வேறுபட்டதே அந்தச் சிவப்புப் பகுதியில். விழாத ஒளியைத் துணி எப்படித் திருப்பி அனுப்பும்? ஆகவே இரண்டும் ஒன்றாகத் தெரிந்தன. சாயப்பட்டறைக்காரர்கள் இதை நன்கு அறிவார்கள். அதனால்தான் ஷேடு பார்ப்பதற்கென ஒளிப்பெட்டி வைத்து, பகலொளியை ஒத்த 'டி 65' விளக்கிலும், கடைகளில் எரியும் குழல்விளக்கை ஒத்த இன்னொரு விளக்கிலும் துணியை மாற்றி மாற்றிப் பார்க்கிறார்கள். ஒரு விளக்கில் பொருந்திய நிறம் மற்றொன்றில் பிரிந்துவிடும்.

ஒரு விளக்கு நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கு நிறப்பிறப்பு எண் என்னும் அளவு உண்டு, பெட்டியில் 'சி.ஆர்.ஐ.' என்று இருக்கும். உச்சம் 100. மலிவான எல்.இ.டி. டார்ச்சுகள் 70க்கு அருகில் நிற்கும். 90க்கு மேற்பட்டவையும் கிடைக்கின்றன. இதிலும் ஒரு சூட்சுமம். சராசரி எடுக்கப்படும் எட்டு மாதிரி நிறங்களும் வெளிறியவை. அடர் சிவப்பு அவற்றில் இல்லை, ஒன்பதாவது மாதிரியாகத் தனியே நிற்கிறது. அதனால் துணி பார்ப்பவர் 'ஆர் 9' என்ற எண்ணையும் கேட்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால், இந்த அளவில் தாத்தாவின் இழைபல்பு ஏறத்தாழ 100 பெறும்! அதில் சிவப்பு ஏராளம். ஆனால் நீலம் குறைவு. அதன் ஒளியில் கருநீலத்தையும் கறுப்பையும் பிரித்தறிவது கடினம். ஆக, எந்த டார்ச்சை அடித்தும் லாட் முடிக்காதீர்கள். வெயில் இலவசமாகக் கிடைக்கிறது.

கடையில் நிற்கும்போது

சட்டைப்பைக்கு டார்ச் தேடுகிறவர் முதலில் கட்டையைப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. ஒரு ஏ.ஏ. கட்டையில் எரியும் டார்ச்சையே பெரும்பாலோருக்கு நான் பரிந்துரைப்பேன். எந்தப் பெட்டிக்கடையிலும் கட்டை கிடைக்கும். மின்னேற்றும் நிக்கல்-உலோக ஹைட்ரைடு கட்டையும் அதில் பொருந்தும். மாதக்கணக்கில் தொடாமல் வைப்பதானால் கட்டையைக் கழற்றி வையுங்கள். தாத்தாவின் விளக்குக்கு நேர்ந்தது உங்கள் விளக்குக்கு நேராது.

லித்தியம் கட்டையில் ஆற்றல் அதிகம்; பொறுப்பும் அதிகம். '18650' என்பது 18 மி.மீ. விட்டமும் 65 மி.மீ. நீளமும் உள்ள கட்டை. நல்ல கட்டையின் கொள்ளளவு 3,000 முதல் 3,500 மில்லி ஆம்பியர்-மணி. எடை 45 கிராமுக்குக் குறையாது. '9,900' என்று எழுதியிருந்தால் அது கட்டுக்கதை. தராசில் வையுங்கள், போலிக் கட்டை பெரும்பாலும் எடையிலேயே காட்டிக்கொடுத்துவிடும். உதிரி லித்தியம் கட்டையைச் சில்லறைக் காசோடும் சாவியோடும் பையில் போடவே போடாதீர்கள். இரு முனையும் உலோகத்தால் இணைந்துவிட்டால் சில நொடிகளில் கொதித்து எரியத் தொடங்கும். தீ இல்லாத ஒளிக்காகத்தான் இந்தக் கருவியே பிறந்தது. பஞ்சு பறக்கும் சந்துக்குள் அதே கருவியால் தீயைக் கொண்டுபோகலாமா? ஆற்றல் மிக்க டார்ச்சின் முகத்தை எரியும் நிலையில் துணிமேல் கவிழ்த்து வைத்தாலும் துணி கருகும். தீர்ந்த லித்தியம் கட்டையைக் கட்டிங் வேஸ்ட் குவியலில் வீசுவதும் அவ்வாறே.

அடுத்து, மிகக் குறைந்த ஒளி நிலை இருக்கிறதா என்று கேளுங்கள். 5 அல்லது 10 லூமென் நிலை இல்லாத டார்ச்சைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பத்து வேளைகளில் எட்டு வேளை உங்களுக்குத் தேவைப்படுவது அதுதான்: பூட்டின் துவாரம், பில்லின் எழுத்து, படிக்கட்டு. உச்ச ஒளி 150 லூமென் அளவில் இருந்தால் தாராளம். பெட்டியில் எழுதிய நேரத்தையும் ஐயத்தோடு படிக்க வேண்டும். 2009இல் அமெரிக்காவில் வகுத்த எப்.எல்.1 என்னும் அளவுமுறையில், ஒளி பத்தில் ஒரு பங்காகக் குறையும்வரை 'எரிகிறது' என்றே கணக்கு. எட்டும் தூரம் என்பதும் அப்படியே: ஒளி 0.25 லக்ஸ் அளவுக்கு, அதாவது முழுநிலவு வெளிச்சம் அளவுக்குத் தேயும் தூரம். எதிர்விகித இருபடி விதியை நினைவில் கொள்ளுங்கள். 2,500 காண்டெலா ஒளிச்செறிவுள்ள டார்ச் 100 மீட்டர் எட்டும். 200 மீட்டர் எட்டப் 10,000 காண்டெலா வேண்டும்.

கைப்பேசியில் விளக்கு இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, அதற்குக் குழியாடி இல்லை, ஒளி சிதறிப்போகிறது, பத்தடிக்கு அப்பால் பயனில்லை. மின்சாரம் போன வேளையில் பேசுவதற்கும் அந்த மின்கலமே வேண்டும். ஏணிமேல் நின்று பண்டல் இறக்குகிறவர் பல்லால் கைப்பேசியைக் கடிக்கவும் முடியாது. பையில் செருகக் கொக்கியுள்ள, பைக்குள் தானாக எரிந்துவிடாத பொத்தான் உள்ள, 'ஐ.பி.எக்ஸ். 4' அளவுக்காவது மழைச்சாரல் தாங்கும் டார்ச் ஒன்று இருந்தால் போதும்.

கடைசியாக ஒன்று. வாங்கப் போகும்போது வீட்டிலிருந்து இரண்டு சிவப்புத் துணித்துண்டுகள் எடுத்துச் செல்லுங்கள். பகலில் பார்த்து, சிறிது வேறுபடும் துண்டுகளாகத் தேர்ந்துகொள்ளுங்கள். திருப்பூரில் துணித்துண்டுக்கா பஞ்சம்? கடையின் இருண்ட மூலையில் இரண்டையும் ஒட்டிவைத்து டார்ச்சை அடித்துப் பாருங்கள். இரண்டு சிவப்பு தெரிந்தால் மேற்கொண்டு விலை பேசலாம். கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.